முழுப் பேர்

குருவிக்கொல்லைத் தோட்டத்துச் செபமாலை, வருஷத்துக்கு ஒரு முறை தன்னுடைய நினைவுநாளுக்குத் தானே போய், தனக்குத் தானே பூ வைத்து, கொடுக்கிற பணிஸைத் தின்று பிளேன்டீயைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புகிற மனிதர். நம்பாதவர்கள் டவுனில் இறங்கி, மைதானத்துக்கு மேலே நிற்கிற கறுப்புக் கல்லைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று பாஷையிலும் அவர் பேர் வெட்டியிருக்கிறது. கல்லைக் கேட்டால், வடக்கில் நடந்த சண்டையில் உயிரைக் கொடுத்த சிப்பாய் என்று சொல்லும். ஆளைக் கேட்டால், வயது எழுபத்தைந்து, முழங்கால் இரண்டும் போச்சு, வெற்றிலை இடிக்காமல் போட முடியவில்லை என்று சொல்வார்.

இந்த வருஷம் அவர் ரொம்பவும் களைத்துப் போயிருந்தார். ஒரு தடவை செத்துப் போகிறவனுக்குக் களைப்புத் தெரியாது. வருஷா வருஷம் சாகிறவனுக்குத்தான் தெரியும்.

கல்லில் இருப்பது 'சிப்பாய் ஜே. செபமாலை'. அதில் அந்த 'ஜே'தான் பிள்ளை. மிச்சம் முழுவதும் தகப்பன்.

பிள்ளையின் பேர் ஜூட்சன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்கப் பிடிக்காமல், கொழும்பில் கடை வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆறேழு மாதம் கழித்துப் பச்சை உடுப்பும் கட்டை மயிருமாக லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவனைப் பெற்ற அந்தோனியம்மா, சோதனை போட வந்த ஆமிக்காரன் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டு, "எங்க வூட்டுல ஒண்ணும் இல்லீங்க மாத்தயா, வேணும்னா பானையத் தொறந்து பாருங்க" என்றாள். அவனும் விடாமல் உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்த்து, இருந்த சோற்றைத் தின்றுவிட்டுத்தான் தான் யாரென்று சொன்னான்.

லயத்தில் சிலருக்கு அவன் பட்டாளத்தில் சேர்ந்தது பிடிக்கவில்லை. டவுனில் சோதனைச் சாவடிக்காரர்களுக்கோ அது தெரியவே தெரியாது. மகன் பட்டாளத்தில் வண்டி ஓட்டுகிறான், தகப்பனைப் பட்டாளம் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை கேட்கிறது. மகனுடைய படத்தை எடுத்துக் காட்டினால், "இந்த சிப்பாயோட போட்டோ ஒனக்கு எப்பிடிக் கெடச்சது?" என்று அதற்கு வேறு விசாரணை. செபமாலை படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

ஜூட்சன் ஓட்டியது காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி. சண்டை முடிகிற காலத்தில் ஒரு நாள், ஏற்றிவந்தவர்களை இறக்கிவிட்டு, மறுபடியும் போனான், மறுபடியும் வந்தான். இனிமேல் போகாதே என்று மேலதிகாரி சொன்னாராம். ரோட்டோரத்தில் ஒரு பொம்பளையும் பிள்ளையும் கிடக்கிறார்கள், யாருடைய ஆட்கள் என்று தெரியாது, தமிழில்தான் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். பிள்ளை பிழைத்தது. வண்டி ஓட்டியவன் பிழைக்கவில்லை. இதையெல்லாம் பெட்டியோடு வந்த கூட்டாளி ஒருத்தன் சொன்னான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றும் அவன்தான் சொன்னான். அந்தோனியம்மா பெட்டியின் பலகையைத் தடவிப் பார்த்தாள். நல்ல பலகை என்றாள். மூன்று வருஷத்தில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பேர் விஷயத்தில் தப்பு யாருடையது என்று சொல்வது கஷ்டம். பட்டாளத்தில் பேருக்குக் கடைசியில் எது நிற்கிறதோ அதுதான் பேர்; முன்னால் நிற்பது வெறும் எழுத்து. இவன் பழக்கதோஷத்தில் தன் பேரை முதலில் சொல்லி, பின்னால் தகப்பன் பேரைச் சொன்னான். அன்றையிலிருந்து அவன் செபமாலை. வெயிலில் ஓடியது செபமாலை, ஏச்சு வாங்கியது செபமாலை, பதக்கம் வாங்கியதும் செபமாலை. உண்மையான செபமாலை அந்த நேரத்தில் தேயிலைக்குள் அட்டை கடிக்குச் சவுக்காரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கல்லைத் திறந்த வருஷம் நடந்தது ஊருக்கே தெரியும். முதல் நாள் வந்து ஒத்திகை சொன்ன சார்ஜன்ட், "நாளைக்குப் பரேட். பேர் வாசிச்சதும் வீட்டு ஆள் எழும்பிப் போய்ப் பூ வைக்கணும்" என்றார். தோட்டத்தில் அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்து பெரட்டு என்று ஆகி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. விடிந்தும் விடியாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றால், கங்காணி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குரல் கொடுத்தால் பேர் உண்டு. இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையும் இல்லை, பேரும் இல்லை. பிந்தி வந்தால் அரைப் பேர், அரைக் கூலி. அடுத்தவன் பேருக்குக் குரல் கொடுத்தால் மட்டும் கங்காணி குடையை மடக்கிக் கையில் எடுத்துவிடுவார். செபமாலை அந்தப் பெரட்டில் நாற்பது வருஷம் நின்றவர். ஒலிபெருக்கி "சிப்பாய் ஜே. செபமாலை" என்று கூப்பிட்டதுதான் தாமதம், துள்ளி எழுந்து, "இருக்கேங்க!" என்று மலைக்கு மலை எதிரொலிக்கக் குரல் கொடுத்துவிட்டார்.

செத்தவர்கள் வரிசையில் ஒருத்தன் இருக்கேன் என்றால் சபை என்ன ஆகும்? பெரிய அதிகாரி தாளைப் பார்த்தார், செபமாலையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். ஊதுகுழல்காரனுக்கு மூச்சு நடுவழியில் நின்றுபோய், மிச்ச ஊதலை அவன் அடுத்த வருஷம்தான் வந்து ஊதி முடித்தான் என்பார்கள். முன்வரிசையில் இருந்த சாமியார் ஒரு தரம் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, போட்டது சரிதானா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரமும் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் செபமாலை வாயை இறுக்க மூடிக்கொண்டு போய்ப் பூ வைப்பார். வைத்துவிட்டு, அந்த வருஷத்து அதிகாரியிடம் போய் நின்று, "ஐயா, அரைப் பேரும் இல்லாம ஒத்த எழுத்துப் போட்டுருக்கீங்க. மகனோட முழுப் பேரையும் போட்டுக் குடுங்க" என்று கேட்பார். அதிகாரி தோளில் தட்டி, "பலமு" என்பார். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அதில் ஏதோ பலம் இருப்பதாக நினைக்கக்கூடும். சிங்களத்தில் அதற்குப் 'பார்ப்போம்' என்று அர்த்தம். அந்த மூன்று எழுத்துக்குள் பதினைந்து வருஷம் எப்படி அடங்கியது என்று செபமாலைக்கே ஆச்சரியம்தான்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இந்த வருஷம் விட்டுவிடத்தான் இருந்தார். கெடுத்தவர் பக்கத்து லயத்து வீரய்யாக் கங்காணி. பைப்படியில் வாளி நிறையக் காத்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்:

"ஒனக்கென்னப்பா செபமாலை, குடுத்து வச்சவன். நாங்கள்லாம் செத்தா ஒரு சிமிந்துச் சிலுவைக்கே வழியில்ல. நீ கண்ண மூடுனா அந்தக் கல்லு தன்னால சரியாயிரும்."

"ஆமாங்க கங்காணி, முன்கூட்டியே போட்டு வச்சிருக்காங்க" என்று செபமாலையும் சிரித்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார். பாதிப் படியில் சிரிப்பு நின்றுவிட்டது.

கங்காணி விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தான் உயிரோடு நடமாடுகிற வரைக்கும்தான் அந்தக் கல் தப்பு என்று ஊருக்குத் தெரியும். தான் போய்விட்டால் கல் சொல்வது உண்மையாகிவிடும். செபமாலை என்று ஒருத்தர் இருந்தார், செத்தார், கல்லில் பேர் இருக்கிறது, கதை முடிந்தது. ஜே என்றால் யார் என்று கேட்பதற்கு எவன் இருக்கிறான்? பெற்ற பிள்ளையைத் தன் சாவாலேயே மூடிவிடப் போகிறோம் என்று தெரிந்ததும், வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மைதானத்துக்குப் போகிற அன்று மே மாதத்து மழை சோம்பலாகத் தூறிக்கொண்டிருந்தது. மகள் டிலுக்ஷி தோட்டத்துப் பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள். சட்டையை ஸ்திரி போட்டுக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு அவசியம் போகணுமாப்பா? போயி நின்னா என்னா சொல்லப் போறாங்க, பலமும்பாங்க. அத இங்கேயே நான் சொல்றேன். பலமு. உக்காருங்க."

"நீ சொன்னா பணிஸ் தருவியா?"

"ரெண்டு தாரேன்."

"இந்த வாட்டி மட்டும் போயிட்டு வந்துர்றேன் புள்ள. முழுப் பேரையும் வாங்கிக்கிட்டு வந்துருவேன். பொறகு எங்கயும் போகல."

டவுனில் மைதானத்துக்கு எதிரே பைஸர் முதலாளியின் ஹார்ட்வெயார் கடை. ஜூட்சன் பட்டாளத்திலிருந்து ரஜாவில் வந்தால் முதலில் ஏறுகிற கடை அதுதான். செபமாலைக்குத் துணையாக வீட்டு ஆட்கள் வரிசையில் வந்து உட்காருவதும் வருஷா வருஷம் பைஸர்தான். எந்த உறவு என்று கேட்டால், "நான் மவுத்தானவருக்கு மாமா" என்று கூசாமல் சொல்வார். தொப்பியைப் பார்த்துவிட்டு யாரும் மேலே கேட்டதில்லை.

"வாங்கண்ணே, நீங்க மவுத்தாகி இந்த வருஷம் எத்தின வருஷம்?" என்று பைஸர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "மொகம் ஏன் இப்பிடி ஈக்கி? மெய்யாவே செத்த மாதிரி?"

"களைப்பா இருக்கு நானா. இன்னைக்கி கேட்டுப் பாப்பேன். இல்லேன்னா இனி நான் வரமாட்டேன்."

"நீங்க வராட்டி நான் மட்டும் வந்து யாருக்கு மாமான்னு செல்றது? எழும்புங்க, போவோம். புதுசா ஒரு லெப்டினன்ட் நோனா வந்தீக்காம். தமிழ் பேசுறாம்."

லெப்டினன்ட் சின்ன வயதுப் பெண். தொப்பிக்குப் பொலித்தீன் போட்டு, குடையில்லாமல் நின்று நாற்காலிகளைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். செபமாலை போய் நின்றதும் தமிழிலேயே தொடங்கினாள்.

"வாங்க அங்கிள். நீங்க யாருக்கு வந்தது?"

"எனக்குத்தான் மிஸ்."

"ஆ?"

"கல்லுல இருக்கிற செபமாலை நாந்தான். செத்தது ஜூட்சன்."

அவள் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். பைஸர் குறுக்கே வந்து விளக்கத் தொடங்கினார். அவர் விளக்கினால் தெளிவாக இருப்பதும் குழம்பும். செபமாலை அவரைக் கையால் தடுத்தார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஒங்க அப்பா பேரு என்னா?"

"குணதாச."

"ஒங்கள எல்லாரும் குணதாச குணதாசன்னே கூப்புட்டா எப்பிடி இருக்கும்? செத்த பொறகும் கல்லுல குணதாசன்னே வெட்டி வச்சா?"

லெப்டினன்டுக்குச் சிரிப்பு வந்தது. "ஸ்கூல்ல ஒரு பையன் அப்படித்தான் கூப்பிட்டது. நான் அடிச்சேன்." பிறகு சிரிப்பு நின்றது. கல்லுக்குப் பக்கத்தில் போய் அந்த ஒற்றை எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது மட்டுமா அவரு?"

"அது மட்டுந்தான் மிஸ்."

செபமாலை அந்த மூன்று எழுத்துக்காகக் காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். அது வரவில்லை.

"கல்லு என் கையில இல்ல அங்கிள். மேல கேட்டு எழுதணும், எழுதுறேன். ஆனா இன்னைக்கு பேர் வாசிக்கிறது நான்தான். அது என் வாய். சொல்லித் தாங்க."

"ஜூட்சன்."

"ஜுட்டுசன்."

"அவ்வளவு அழுத்த வேணாம் மிஸ். லேசா. சின்னப் பையன் பேரு அது."

"ஜூட்சன்."

"அதுதான்."

கூட்டம் தொடங்கியது. கொடி ஏறியது, நனைந்த கொடி பறக்க மனமில்லாமல் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. பெரியவர்கள் பேசினார்கள். நாட்டுக்காகப் போன உயிர்களை நாடு மறக்காது என்று ஒவ்வொருவரும் சொல்ல, சொல்லி முடித்தவர் தன் நாற்காலி எதுவென்று மறந்து தேடினார். ஊதுகுழல் ஊதியது. பிறகு லெப்டினன்ட் மைக்குக்கு முன்னால் வந்து பேர்களை வாசிக்கத் தொடங்கினாள். ஒரு பேர், ஒரு தாய். ஒரு பேர், ஒரு மனைவி. வெள்ளைச் சேலைகள் ஈரப் புல்லில் போய்ப் போய் வந்தன. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், பூவை வைத்துவிட்டு, கல்லில் இருந்த மழைத் தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வந்தாள்.

"சிப்பாய் ஜூட்சன்" என்றாள் லெப்டினன்ட். கொஞ்சம் நிறுத்தி, "செபமாலை ஜூட்சன்" என்றாள்.

சரியாக இருந்தது. அழுத்தாமல், லேசாக, சின்னப் பையனைக் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அந்தப் பேரை அப்படி ஒருவர் உரக்கக் கூப்பிட்டுச் செபமாலை கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தோனியம்மா போன பிறகு வீட்டிலும் யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதற்கு என்ன இருக்கிறது?

செபமாலை எழும்பவில்லை. பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பேர் கூப்பிட்டாயிற்று, பேருக்கு உரியவன் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதானே என்று இருந்தது அவருக்கு. முதலில் பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து மைதானத்துக்கு ஏறி வருகிற ரோட்டைப் பார்த்தார். ஒரு த்ரீவீல் வந்தது. அதில் மரக்கறிதான் இருந்தது, கோவாவும் லீக்ஸும்.

லெப்டினன்ட் அடுத்த பேருக்குப் போகவில்லை. மைதானம் முழுவதும் காத்திருந்தது. பைஸர் முழங்கையால் இடித்தார்.

"அண்ணே, போங்க. ஒங்களத்தான்."

"என்னைய இல்ல நானா. அவனத்தானே கூப்புடுறாங்க. அவன் வரட்டும்."

பைஸர் செபமாலையின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவர் வரமாட்டாரண்ணே" என்றார் மெதுவாக.

அப்போதுதான் அது வந்து சேர்ந்தது. பதினைந்து வருஷமாக அங்கே செத்துக்கொண்டிருந்தது செபமாலை. தன் சாவுக்குத் தானே யாராவது அழுவார்களா? அவர் அழுததில்லை, பூ வைத்தார், பணிஸ் தின்றார், வழக்குப் பேசினார். பெட்டியும் திறக்கவில்லை, பேரும் கூப்பிடவில்லை. ஜூட்சன் எங்கேயோ ரஜா கிடைக்காமல் இருந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. இப்போது எல்லாரும் கேட்க அவனைக் கூப்பிட்டாயிற்று, அவன் வரவில்லை.

செபமாலை எழுந்தார். முழங்கால் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பைஸர் கூட வரப் பார்த்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஈரப் புல்லில் நடந்து போகிற தூரம் மற்ற வருஷங்களைவிடக் கூடிப் போயிருந்தது. மலையை வெட்டி நடுவில் இன்னொரு மைதானத்தை வைத்துவிட்டார்களோ என்று அவர் சந்தேகப்பட்டார். கல்லுக்கு முன்னால் போய், எந்தப் பேருக்கு நேரே வைப்பது என்று ஒரு கணம் நின்று, அந்த ஒற்றை எழுத்துக்குக் கீழே பூவை வைத்தார். திரும்பி நடக்க உடம்பில் ஒன்றுமில்லை. லெப்டினன்ட் மைக்கை விட்டுவிட்டு வந்து, கையைப் பிடித்துக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகுதான் அடுத்த பேர்.

எல்லாம் முடிந்து பிளேன்டீ கொடுக்கிற நேரத்தில் அவள் தேடிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், நான் பிழையா வாசிச்சதா?"

"இல்ல மிஸ். சரியா வாசிச்சீங்க. ரொம்பச் சரியா இருந்துச்சு."

"கல்லுக்கும் அப்படியே எழுதி அனுப்பட்டுமா?"

செபமாலை கல்லைப் பார்த்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், சாகிறது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த வருஷமும் வாயை மூடிக்கொண்டு பூ வைக்கலாம், அவனும் எங்கேயோ இருப்பான். பிளேன்டீ ஆறுகிற வரைக்கும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போடுங்க மிஸ்" என்றார். "திரும்பிப் போயி புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தது அவன். நான் எங்கயும் போகல. அவன் பேரையே முழுசாப் போடுங்க. எனக்கு முன்னால ஒத்த எழுத்துப் போதும். ஒரு 'செ'. தகப்பனுக்கு அது காணும்."

லெப்டினன்ட் சல்யூட் அடித்தாள். யாருக்கு அடித்தாள் என்று பைஸர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

தோட்டத்துக்கு ஏறுகிற கடைசி பஸ்ஸில் செபமாலைக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. டிக்கோயா தாண்டியதும் பனி இறங்கி மலையை மூடிக்கொண்டது. யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது டிலுக்ஷி வாசலிலேயே நின்றாள். நனைந்த சப்பாத்தைக் கழற்ற அவளே குனிந்தாள்.

"என்னாப்பா, கெடச்சுச்சா?"

"கெடச்சுருச்சு புள்ள. முழுப் பேரு. அந்த மிஸ் மைக்குல கூப்புட்டாங்க. செபமாலை ஜூட்சன்னு. ஊரே கேட்டுச்சு."

டிலுக்ஷிக்கு முகம் மலர்ந்தது. "நெசமாவா? அண்ணனோட பேர அப்பிடியேவா கூப்புட்டாங்க? பொறகு?"

"பொறகு என்னா. நாந்தான் போனேன்" என்றார் செபமாலை. "அவன் வரல."

அவள் கையில் ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவருடைய மடியில் தலையை வைத்துக்கொண்டாள். மற்றச் சப்பாத்து அவர் காலிலேயே இருந்தது.